சிறிய சில்லும் தாழ்ந்த காரும்

சிறிய கார் ஒன்று சிறிய சில்லுகளின்மேல் நிலத்தோடு ஒட்டினாற்போல் ஓடி வருமாயின், அதனைத் திரும்பிப் பாராத மாணவன் இல்லை. "எங்கள் வீட்டு மினி காரை ஒன்றரை அங்குலம் தாழ்த்தி, அதன் 12 அங்குலச் சில்லுகளைக் கழற்றிவிட்டு 10 அங்குலச் சில்லுகளைப் பூட்டலாமா?" என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்டுள்ளார். தாயும் தங்கையும் நாள்தோறும் ஏறிச் செல்லும் வண்டியும் அதுவே என்று கடிதத்தின் நடுவே ஒரு வரி இருக்கின்றது. அந்த ஒரு வரிக்காகவே இவ்வாரப் பகுதி முழுவதையும் இக்கேள்விக்கு ஒதுக்குகின்றேன்.

மினி பிறந்த கதையைச் சற்று அறிந்துகொள்ளுதல் நன்று. 1956 ஆம் ஆண்டிலே சுயஸ் கால்வாய் நெருக்கடியால் இங்கிலாந்தில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும் சிறிய கார் ஒன்று வேண்டுமென்று பிரிட்டிஷ் மோட்டோர் கோப்பரேசனின் தலைவர் லெனாட் லோட் முடிவு செய்தார். அதனை உருவாக்கும் பொறுப்பு அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரிடம் வந்தது. அவர் காரின் நீளத்தைப் பத்தடிக்குள் அடக்கி, அதற்குள் நான்கு பேரை இருத்த முனைந்தார். பெரிய சில்லு காருக்குள் இடத்தைத் தின்னும். ஆகையால் 10 அங்குலச் சில்லே போதுமென்றார். அவ்வளவு சிறிய சில்லுக்கு உகந்த ரயரை டன்லப் கம்பனி இதற்கெனவே செய்து கொடுத்தது. 1959 ஆகஸ்ட் 26 ஆம் திகதி கார் வெளிவந்தது. எனவே சிறிய சில்லு அழகுக்காக வந்ததன்று. இடத்துக்காகச் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் அது. ஒப்பந்தமென்றால் கொடுக்கவேண்டியதும் ஒன்று இருக்குமல்லவா?

அது யாதென்பதை நம் மாட்டு வண்டியைப் பார்த்தே அறியலாம். தேர்ச்சில்லையும் வண்டிச்சில்லையும் நம் முன்னோர் அத்துணைப் பெரிதாய்ச் செய்தது வெறும் வழக்கத்தினால் அன்று. 25 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு பள்ளத்தைச் சில்லு கடக்கின்றது என்று கொள்வோம். ஐந்தடி விட்டமுள்ள வண்டிச்சில்லு அதனுள் ஒரு சென்ரிமீற்றர் அளவே இறங்கும். 63 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சாதாரண கார்ச் சில்லு 2.6 சென்ரிமீற்றர் இறங்கும். மினியின் 10 அங்குலச் சில்லோ, ரயரோடு சேர்த்து விட்டம் 48.5 சென்ரிமீற்றர், அது 3.5 சென்ரிமீற்றர் இறங்கும். கேத்திரகணிதம் படிக்கும் மாணவர்கள் ஒரு வட்டத்தையும் ஒரு நாணையும் வரைந்து இக்கணக்கைத் தாமே சரிபார்க்கலாம். 12 அங்குலச் சில்லுக்கும் 10 அங்குலச் சில்லுக்கும் இதில் வேறுபாடு இரண்டு மில்லிமீற்றரே என்பதையும் சொல்லிவிடவேண்டும். மினி எந்தச் சில்லோடும் பள்ளத்தை ஆழமாய் உணரும் வண்டிதான்.

அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்கு இரும்புச் சுருளுக்குப் பதிலாக இறப்பரைக் கையாண்டார்கள். அலெக்ஸ் மோல்ட்டன் என்பவரின் யோசனை அது. ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ள கார் அது; அதிலே நான்கு பேர் ஏறினால் 280 கிலோ கூடுகின்றது. காரின் எடையிற் பாதிக்குக் கிட்டிய பாரம்! மெல்லிய சுருள் ஒன்றை வைத்தால் குடும்பம் ஏறியதும் வண்டி படுத்துவிடும். இறப்பர்க் கூம்போ நசுங்க நசுங்க மேலும் மேலும் இறுகும் இயல்புடையது. ஆதலால் ஒருவர் இருந்தாலும் நால்வர் இருந்தாலும் ஒருவாறு தாங்கிக் கொள்கின்றது.

சில்லின் அசைவை இக்கூம்புக்குக் கொண்டுசேர்ப்பது எக்காளம் போன்ற வடிவுடைய ஓர் அலுமினியக் குழல். கராஜ்களில் ட்ரம்பெட் என்பார்கள். அதன் நீளத்தைக் குறைத்தால் கார் தாழும். இங்கேதான் அரைகுறையாய்த் தெரிந்தவர்கள் காரைக் கெடுக்கின்றார்கள். முன்புறத்தில் நெம்புகோலின் விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பின்புறத்தில் ஐந்துக்கு ஒன்று. எனவே ஒன்றரை அங்குலம் தாழ்த்துவதற்கு முன் குழலில் அரை அங்குலமும் பின் குழலில் 0.3 அங்குலமும் குறைத்தால் போதும். நான்கு குழல்களிலும் அரை அங்குலத்தை அறுத்துவிட்டாலோ, முன்புறம் ஒன்றரை அங்குலம் தாழ, பின்புறம் இரண்டரை அங்குலம் தாழ்ந்து கார் குந்திக்கொள்ளும்.

தாழ்த்துவதிற் பயனே இல்லையென்று நான் சொல்லவில்லை. வளைவிலே கார் திரும்பும்போது உட்பக்கச் சில்லின் பாரம் வெளிப்பக்கச் சில்லுக்கு மாறுகின்றது. பாரமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றதோ, அவ்வளவுக்கு அந்த மாற்றமும் மிகும். பாரமையம் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், கார் ஓர் அங்குலம் தாழ்ந்தவுடன் அம்மாற்றம் இருபதில் ஒரு பங்கு குறையும். பந்தயக்காரனுக்கு இது பெரிது. பள்ளிக்கூடத்து வாயிலிலே தங்கையை இறக்கிவிடுகின்றவனுக்கு இதனால் என்ன இலாபம்?

இனி நட்டத்தைப் பார்ப்போம். மினியின் அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள வெளி ஏறத்தாழ 6 அங்குலம், அதாவது 15 சென்ரிமீற்றர். தாழ்த்துவதால் 3.8 சென்ரிமீற்றர் போகும். 12 அங்குலச் சில்லின் விட்டம் ரயரோடு ஏறத்தாழ 50.8 சென்ரிமீற்றர், 10 அங்குலச் சில்லினது 48.5. இதிற் பாதி, ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம், அதுவும் போகும். மிஞ்சுவது பத்துச் சென்ரிமீற்றர். நால்வர் ஏறியபின் அதுவும் இல்லை. அந்த அடிவயிற்றில் இருப்பதோ வெறும் ஒயில் தட்டன்று. மினியிலே கியர்பெட்டி எஞ்சினுக்குக் கீழே அதே ஒயிலில் தோய்ந்துகொண்டிருக்கின்றது. ஒழுங்கையின் நடுவே துருத்திய ஒரு கல் அதனை உடைத்தால் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றாகவே வறண்டுபோகும். ரலி ஓட்டங்களுக்குச் சென்ற மினிகளுக்கு அடியிலே தடித்த உலோகக் கவசம் பூட்டினார்கள் என்பதை இளைஞர்கள் மறந்துவிடுகின்றார்கள்.

எனக்கு இதனினும் பெரிய கவலை பிரேக்கைப் பற்றியது. சில்லுக்குள் அடங்கும் அளவுக்கே பிரேக்கும் இருக்கமுடியும். முதன்முதல் வந்த மினிக்கு நான்கு சில்லுகளிலும் 7 அங்குல டிரம் பிரேக்குகளே. 1963 இல் வந்த கூப்பர் எஸ் வண்டிக்கு முன்னால் 7.5 அங்குல டிஸ்க் கிடைத்தது. 1984 ஆம் ஆண்டில் எல்லா மினிகளுக்கும் 12 அங்குலச் சில்லு வந்தபோது, அதனோடு 8.4 அங்குல டிஸ்க்கும் வந்தது. கடிதம் எழுதிய மாணவரின் கார் அக்காலத்துக்குப் பிந்தியது. அந்த டிஸ்க் 10 அங்குலச் சில்லுக்குள் அடங்காது. ஆகவே சில்லை மாற்றுவதென்பது பிரேக்கையும் சிறிதாக்குவதாகும். 7.5 அங்குல டிஸ்க் தாழ்ந்ததென்று சொல்லமுடியாது; கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டே கார்லோ ரலியை அதனோடுதான் வென்றது. ஆனால் அதற்குரிய உறுப்புகள் அனைத்தையும் முறையாக வாங்கிப் பூட்டவேண்டும். கிடைத்த பழைய உறுப்பைச் சீவியும் தேய்த்தும் பொருத்துகின்ற வேலையைத் தாயும் தங்கையும் ஏறும் வண்டியிற் செய்யலாகாது.

வேறு சில சிறிய செய்திகளும் உண்டு. 10 அங்குலச் சில்லு கிலோமீற்றருக்கு முப்பது சுற்று அதிகம் சுற்றும். கார் 57 இல் ஓட முள் 60 காட்டும். வண்டி தாழ்ந்தபின் பழைய நீளமான ஷொக் அப்சோபர்கள் முழுவதும் ஒடுங்கி அடிபட்டு முறியக்கூடும், குட்டையானவற்றைப் பூட்டவேண்டும். ஜக்கி வைத்துத் தூக்கும்போது குழலின் நுனி தன் கிண்ணத்திலிருந்து கழன்றுவிடவும் கூடும். அதனைக் கவனியாமல் மீண்டும் இறக்கினால் விபரீதம்.

மாணவருக்கு என் விடை இதுதான்: 12 அங்குலச் சில்லை மாற்றவேண்டாம். தாழ்த்துவதற்கு முன் காரைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சில்லின் நடுவிலிருந்தும் மட்கார்டின் விளிம்புவரை அளந்து பாருங்கள். இறப்பர்க் கூம்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே அமுங்கிப்போகும். பழைய கூம்போடு ஓடும் மினி, யாரும் தொடாமலே தாழ்ந்திருக்கும். நீங்கள் விரும்பும் தாழ்வு உங்கள் காரில் ஏற்கனவே இருக்கவும் கூடும்! கூம்புகளைப் புதுப்பித்த பின்னும் ஆசை தீரவில்லையாயின், குழலை அறுக்காமல், திருகி நீட்டவும் குறுக்கவும் கூடிய குழல்களைப் பூட்டி அரை அங்குலம் மட்டும் இறக்குங்கள். பின்பு வீட்டார் எல்லோரையும் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முற்றாகத் திருப்பி, ரயர் எங்கேனும் உரசுகின்றதா என்று குனிந்து பாருங்கள். உரசுமாயின் அன்றைக்கே மீண்டும் உயர்த்திவிடுங்கள்.