‘என் மெஷின்ல ஓடுதே!’ போதாது: ரொசெட்டா மறைக்கும் பக்குகள்

சாஃப்ட்வேர் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் பதில், “என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது.” ஆப்பிளின் மேக்கில் இந்தப் பதிலை அப்படியே நம்பிவிட முடியாது.

என்ன காரணம்?

2020 நவம்பரில் எம்1 சிப் கொண்ட மேக்குகளை ஆப்பிள் அறிமுகப்படுத்தியது. அதுவரை இருந்தவை இன்டெல் சிப்கள். எம்1 ஏஆர்எம் வகை. இரண்டுக்கும் புரியும் கட்டளைகள் வேறு வேறு. பழைய இன்டெல் ஆப்களும் ஓட வேண்டுமே? அதற்காக வந்த மொழிபெயர்ப்பாளர்தான் ரொசெட்டா 2.

சிக்கல் எங்கே?

ஒரு புரோகிராமில் இரண்டு த்ரெட்கள். முதலாவது டேட்டாவை எழுதிவிட்டு, ‘ரெடி’ என்று கொடி காட்டுகிறது. கொடியைப் பார்த்து இரண்டாவது அதைப் படிக்கிறது. எழுதிய வரிசையிலேயே காட்டுவது இன்டெல் சிப்பின் வழக்கம். ஏஆர்எம் சிப்பிடம் வரிசை முக்கியம் என்று கோடிலேயே சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடி முன்னால் தெரியலாம், டேட்டா பின்னால் வரலாம்.

அதைச் சொல்ல மறந்த கோடு, இன்டெல்லில் வருஷக்கணக்கில் மாட்டாமலே ஓடியிருக்கும். ரொசெட்டாவிலும் மாட்டாது. காரணம், இன்டெல் வரிசையைப் பின்பற்றும் ஒரு மோடை ஆப்பிள் தன் சிப்பிலேயே வைத்திருக்கிறது. ஆனால் அதே கோடை ஏஆர்எம்முக்கு கம்பைல் செய்தால், அதே லேப்டாப்பில் எப்போதாவது கிராஷ் ஆகும். டீபக்கரில் வரி வரியாக நிறுத்திப் பார்த்தால் டைமிங் மாறி, பக் காணாமல் போய்விடும்!

என்ன செய்யலாம்?

முதலில் ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘கைண்ட்’ பகுதியைப் பாருங்கள். ‘இன்டெல்’ என்று இருந்தால் ஓடுவது மொழிபெயர்ப்பு. நேட்டிவ் பதிப்பைத் தனியாக டெஸ்ட் செய்ய வேண்டும். எக்ஸ்கோடில் உள்ள த்ரெட் சானிடைசர் இத்தகைய தவறுகளைப் பிடிக்க உதவும்.

அவகாசமும் குறைவு. மேக்ஓஎஸ் 27 வரைதான் ரொசெட்டா முழுமையாக இருக்கும், பிறகு சில பழைய கேம்களுக்கு மட்டுமே என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்துவிட்டது.

ரீகம்பைல் செய்ததுமே ‘போர்ட் பண்ணியாச்சு’ என்று டிக் அடிக்கும் மேனேஜர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். தப்பு புது சிப் மேல இல்ல. கோடில் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதைத் தேட டெவலப்பருக்கு இப்போது நேரம் கொடுக்காவிட்டால், நாளை அதைக் கண்டுபிடிக்கப்போவது யூஸர்தான்.