தோமானுக்கும் பெற்ற மனம் உண்டு

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பது நம் பெரியவர்களின் வழக்கம். பிறவியோடு வந்த திறமைக்கு ஆசான் தேவையில்லை என்பது அதன் பொருள். பழமொழியில் பழுதில்லை. ஆனால், நீந்தத் தெரிந்த குஞ்சுக்கும் காவல் தேவைப்படுகிறதே! அந்தக் காவலைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. இம்முறை அதைப் பற்றித்தான் வாசக அன்பர்களோடு பேச விரும்புகிறேன்.

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போதும். ஈப்போவிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் வடக்கே போகும் வண்டிகளில் தூண்டில் கம்புகள் ஏறிவிடும். கோலகங்சார், லெங்கோங், கிரிக் என்று ஊர்களைக் கடந்து அவர்கள் போய்ச் சேரும் இடம் தெமங்கோர் ஏரி. அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. கித்தா மரம் சீவியவர்களின் பேரன்மார் இன்று தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் படகு வீட்டை வாடகைக்கு எடுத்து, இரண்டு இரவு தண்ணீரின்மேல் தங்கிவிட்டு வருகிறார்கள். நல்லதுதான். கடை வாசலில் போத்தலோடு உட்காருவதைவிட ஏரியில் தூண்டிலோடு உட்காருவது எத்தனையோ மேல்.

தெமங்கோர் இயற்கையாக அமைந்த ஏரியன்று. பேரா ஆற்றை அணை கட்டித் தடுத்து, 1970-களின் பிற்பகுதியில் மின்சாரத்துக்காக உண்டாக்கியது. 15,000 ஹெக்டருக்கும் அதிகமான பரப்பு. தீபகற்ப மலேசியாவில் திரங்கானுவின் கென்யிர் ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். 1982-இல் கிரிக்கையும் கிளந்தானையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகுதான், நம்மைப் போன்றவர்கள் எளிதாக அங்கே போக முடிந்தது. அந்தச் சாலை பூலாவ் பண்டிங் தீவின் வழியே ஏரியைக் கடக்கிறது. மூழ்கிப்போன காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே கை நீட்டிக்கொண்டு நிற்பதைப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

இதற்கு மூத்த ஏரிகளும் நம் மாநிலத்தில் உண்டு. கிரியான் நெல் வயல்களுக்குத் தண்ணீர் தர 1906-இல் அமைத்தது புக்கிட் மேரா. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தர 1930-இல் வந்தது செண்டரோ அணை. கெடாவில் பெடு, மூடா ஏரிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட வடக்கத்தி ஏரிகளுக்குத் தூண்டில்காரர்கள் தேடிப் போகும் மீன்களில் முதன்மையானது தோமான்.

தோமான் யார்? நம் விராலுக்குப் பெரியப்பன் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து அல்லூரிலும் வயல் வாய்க்காலிலும் நம் பிள்ளைகள் பிடிக்கும் விராலை மலாய்க்காரர்கள் ஹருவான் என்பார்கள். பிள்ளை பெற்ற தாய்க்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு வந்தவருக்கும் புண் ஆற வேண்டும் என்று சமைத்துக் கொடுப்போமே, அதே மீன். தோமானும் அந்தக் குடும்பந்தான், ஆனால் உருவம் வேறு. ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். பத்துக் கிலோவுக்கு மேலும் எடை போடும். கரிய முதுகு, வெளிறிய வயிறு, வாய் நிறையப் பல். தூண்டிலில் மாட்டிக்கொண்டால் கம்பை வில்லாய் வளைத்துவிடும். அந்தப் போராட்டத்துக்காகவே இதைத் தேடிப் போகிறவர்கள் அநேகர்.

இந்த மீனின் குலவரலாற்றில் நமக்குச் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. கேரளத்து ஆறுகளில் இதைப் போலவே ஒரு மீன் உண்டு. 1865-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் டே அதைத் தனி இனம் என்று எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதுவும் நம் தோமானும் ஒன்றே என்று சொல்லிவிட்டார்கள். 146 ஆண்டுகள் கழித்து, 2011-இல், மரபணுவை ஆராய்ந்து பார்த்தபோது டே சொன்னதே சரி என்று தெரிந்தது. இரண்டும் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன பங்காளிகள். நம் முன்னோர் கப்பலேறி வந்து இருநூறு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. தோமானோ காலங்காலமாக இந்த மண்ணின் மீன். நாம்தான் அதன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள். விருந்தாளிக்கு ஒரு முறை உண்டல்லவா?

இனி, சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதோடு சரி. குஞ்சு பிழைத்தால் பிழைக்கட்டும் என்று போய்விடும். தோமான் அப்படியில்லை. தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காக்கும். குஞ்சு பொரித்த பின்னும் சில வாரங்கள் கூடவே திரியும். குஞ்சுகளோ நூற்றுக்கணக்கில் இருக்கும். செம்மஞ்சள் நிறமும் கரிய கோடுகளுமாக, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பந்து உருளுவதைப் போலக் கூட்டமாய்ச் செல்லும். அடியிலே பெற்றவர்கள் காவல்.

தோமானுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றையும் விழுங்கினால்தான் உயிர் வாழும். குஞ்சுகளும் அவ்வாறே. சிறிது நேரத்துக்கு ஒரு முறை எல்லாக் குஞ்சுகளும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகும். அப்போது அந்த ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதைப் போலத் தண்ணீர் சலசலக்கும். குஞ்சு செய்யும் அந்தச் சலசலப்பே பெற்றோருக்கு எமனாகிவிடுகிறது.

எப்படி என்கிறீர்களா? தூண்டில்காரர் படகின் பொறியை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். தூறல் தெரிந்தவுடன் அந்தச் செந்நிறக் கூட்டத்தின் நடுவே ரப்பர் தவளையை வீசுவார். காவல் நிற்கும் தோமானுக்கு அப்போது பசியில்லை. ஆனாலும், பிள்ளைகளின் நடுவே ஏதோ பகை புகுந்துவிட்டது என்று பாய்ந்து வந்து கடிக்கும். முள் மாட்டும். மற்ற நாட்களில் எவ்வளவு தந்திரம் காட்டினாலும் ஏமாறாத கிழட்டுத் தோமான்கூட, பிள்ளை காக்கும் நாளில் ஏமாந்துவிடுகிறது. அதன் மூர்க்கத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். அது மூர்க்கமா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறோம். தோமானுக்கு மட்டும் அது வேறாகுமா?

தாயோ தகப்பனோ போன பிறகு குஞ்சுகளின் கதி என்ன? சுற்றிலும் செபராவ் போன்ற வேட்டை மீன்கள் திரிகின்றன. காவலில்லாத பந்து வெகு சீக்கிரம் கரைந்துவிடும். நாம் பிடித்தது ஒரு மீன் என்று கணக்குச் சொல்கிறோம். ஏரியின் கணக்கில் அது ஒரு குடும்பம்.

"பிடித்ததை நான் மறுபடியும் விட்டுவிடுகிறேனே!" என்பார்கள் சிலர். படம் எடுத்து முகநூலில் போட்ட பிறகு மீனைத் தண்ணீரில் விடுவது இன்று பரவிவரும் பழக்கம். நல்ல பழக்கந்தான். ஆனால் பிள்ளை காக்கும் மீனுக்கு அது போதாது. வட அமெரிக்காவில் பாஸ் என்றொரு ஏரி மீன் இருக்கிறது. அங்கே கூட்டைக் காப்பது தகப்பன் மீன். அதைச் சில நிமிடம் வெளியே எடுத்துவிட்டு மறுபடி விட்டாலும், அந்த இடைவேளையிலேயே மற்ற மீன்கள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அளவுக்கு மீறிச் சேதமாகிவிட்டால் தகப்பனே கூட்டைக் கைவிட்டுப் போய்விடுமாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இளவேனிற் காலத்தில் பாஸ் மீன் பிடிப்பதற்கு நெடுங்காலமாகத் தடை விதித்து வந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கேள்வியும் எழும். "வாத்தியாரே, பட்டணத்தான் விளையாட்டுக்குப் பிடிக்கிறான். நாங்கள் குழம்புக்குப் பிடிக்கிறோம். எங்களிடமா கருணை பேசுகிறீர்கள்?" நியாயமான கேள்வி. சம்பளம் போதாத வீட்டில், ஆற்று மீனும் குட்டை மீனும் எத்தனை நாள் பிள்ளைகளின் வயிற்றை நிறைத்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். தெமங்கோர்க் கரையில் வாழும் ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களுக்கும் அந்த ஏரி மீன்தான் உணவு. பிடித்துச் சாப்பிடுவதை யாரும் குறை சொல்லவில்லை. குஞ்சோடு இருக்கும் மீனை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதே வேண்டுகோள். தனியே திரியும் நடுத்தரத் தோமானைப் பிடியுங்கள். குழம்புக்கு அதன் சதைதான் பதமாகவும் இருக்கும். குஞ்சு காக்கும் மீனை இன்று விட்டால், ஓரிரு ஆண்டுகளில் அதே குழம்புக்கு அதன் பிள்ளைகள் வரும். விதை நெல்லைக் குத்திச் சோறாக்க எந்தக் குடியானவன் சம்மதிப்பான்?

தோமான் இன்று அழியும் நிலையில் இருக்கிறது என்று நான் பயமுறுத்தவில்லை. அதன் உறவு நாடெங்கும் இருக்கிறது. ஆனால், ஏராளமாக இருந்த ஒன்று எப்படி அரிதாகும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டாம். புக்கிட் மேரா ஏரியின் கெலிசா மீன் போதும். அதன் குஞ்சுகளைத் தகப்பன் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். கண்ணாடித் தொட்டியில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று விலை ஏறியதும், தகப்பனைப் பிடித்து அதன் வாயைத் திறந்து குஞ்சுகளை எடுத்து விற்கக் கிளம்பிவிட்டார்கள். உலக நாடுகள் 1970-களிலேயே அதன் வாணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. இன்று தோமான் குஞ்சுகளும் வண்ணமீன் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இப்போதுதான்.

என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், தோமான் மத்த மீனையெல்லாம் திங்குது. அதைப் புடிச்சா மத்த மீனுக்கு நல்லதுதானே?" சிந்திக்கிற பிள்ளை. அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த நாட்டு மீன்கள் தோமானோடு கூடவே வளர்ந்தவை. யார் யாரைத் தின்பது, எவ்வளவு தின்பது என்பது அவற்றுக்குள் பழகிப்போன கணக்கு. அந்தக் கணக்கைக் குலைப்பது வெளியிலிருந்து வந்த மீன். ஈய லம்பத்துக் குட்டைகளில் இப்போது பீகாக் பாஸ் என்ற மீன் பெருகியிருக்கிறது. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆறு. நம் குட்டைகளில் இருந்த சிறு மீன்களுக்கு அது புதுப் பகை. அதே தோமான் குடும்பம் வேறு நாட்டுக்குப் போனால் அங்கே அதுதான் பகை. 2002-இல் அமெரிக்கா இவ்வகை மீன்களை உயிரோடு கொண்டுவருவதையே தடை செய்தது. எந்த உயிரும் தானாகக் கெட்டதில்லை, தம்பி. அதன் இடம் மாறும்போதுதான் தொல்லை. ஆகவே கை துறுதுறுக்கிற பிள்ளைகள் பீகாக் பாஸைப் பிடியுங்கள். தாராளமாகக் குழம்பு வையுங்கள். ஒரு குட்டை மீனை மட்டும் வேறு குட்டையில் கொண்டுபோய் விடாதீர்கள். குட்டைக்கு மட்டும் பெரியவர்கள் துணையின்றிப் போகாதீர்கள். ஈயக் குட்டையின் கரை சட்டென்று ஆழமாகும், மணலும் சரியும்.

தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை. ஏரிக்குப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். விஷம் கலப்பதும் மின்சாரம் பாய்ச்சுவதும் சட்டப்படி குற்றம் என்று சொல்லிக் கொடுங்கள். தண்ணீரில் தூறல் விழுவதைப் போன்ற அந்தக் காட்சியைக் காட்டுங்கள். "பார், அதன் கீழே ஒரு அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு படகை வேறு பக்கம் திருப்புங்கள். பையன் ஏமாற்றத்தோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பரவாயில்லை. பிடிக்க முடிந்தும் பிடிக்காமல் விட்ட அப்பாவை அவன் மறக்க மாட்டான்.

நமக்கு யாரும் காவல் வைக்கவில்லை. ஏரி பெரிது, அதிகாரிகள் சிலர். குஞ்சுக் கூட்டத்தின்மேல் தவளையை எறிந்தால் கேட்பார் யாரும் இல்லை. கேட்பார் இல்லாத இடத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் பெற்றோர் வளர்ப்புக்கும் பள்ளிப் படிப்புக்கும் உரைகல். அடுத்த விடுமுறைக்கு வடக்கே போகும் அன்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தப் பக்கத்தை எழுதியதற்குப் பலன் கிடைத்தது என்று மகிழ்வேன்.