தோத்தா கோச்சைத் தூக்கு!

இந்திய ஹாக்கி டீம் தொடர்ந்து நாலு மேட்ச் தோத்தால் போதும். திருமயம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து டெல்லி ஏ.ஸி. ரூம் வரைக்கும் ஒரே தீர்ப்புதான்... ‘கோச்சை மாத்து!’

2025 ஜூனில் அதுதான் கேட்டது. புரோ லீக்கில் ஐரோப்பா போன ஆண்கள் அணி வரிசையாக ஏழு மேட்ச் தோற்றது. ஒன்பது டீமில் எட்டாவது இடம். பாரிஸில் வெண்கலம் வாங்கித் தந்த அதே கிரெய்க் ஃபுல்டனை ‘அனுப்பிடலாமே’ என்றார்கள். நல்லவேளை, அனுப்பவில்லை. செப்டம்பரில், ராஜ்கிர் மைதானத்தில் கொரியாவை 4-1 என்று சாத்தி, ஆசியக் கோப்பையையும் 2026 உலகக் கோப்பைக்கான டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வந்தார்கள். ‘மாத்து’ என்றவர்கள் அதன்பிறகு டீயை மட்டும் குடித்தார்கள்.

எங்கள் ஊர் கோட்டை பைரவர் முன்னாடி வண்டியை நிறுத்திச் சாமி கும்பிடாமல் போகிற டிரைவர் குறைவு. தேங்காய் உடைத்தால் மனசுக்குத் தைரியம். ஆனால், பிரேக் பிடிக்காத வண்டிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போகாமலேயே கிளம்புகிறவனை என்ன சொல்வீர்கள்? நம்ம ஹாக்கி நிர்வாகிகளுக்கு கோச் என்பவர் சூறைத் தேங்காய். உடைச்சாச்சு, பரிகாரம் முடிஞ்சாச்சு!

கொஞ்சம் பழைய கணக்கைப் பாருங்கள். 2002, கோலாலம்பூர் உலகக் கோப்பை. போட்டி நடந்துகொண்டு இருக்கும்போதே செட்ரிக் டிசோசாவைத் தூக்கினார்கள். கிடைத்தது 10-வது இடம். 2004, ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்கு ஒரு மாசம்கூட முழுசாக இல்லை. ராஜிந்தர் சிங்குக்கு டாட்டா காட்டிவிட்டு ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்டு ராக்கைக் கூட்டி வந்தார்கள். பையன்கள் பெயரைப் பாடம் பண்ணவே அவருக்கு நேரம் பத்தியிருக்காது. 7-வது இடம். நம்ம சென்னை பாஸ்கரன், 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற கேப்டன். அவர் கோச்சாக இருந்த 2006 உலகக் கோப்பையில் 11-வது இடம், தோஹாவில் 5-வது இடம். அடுத்த வருஷம் வேறு ஆள். அந்த வேறு ஆள் வந்து என்ன ஆச்சு? 2008, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கே இந்தியா தகுதி பெறவில்லை. இத்தனை பேர் வந்து போனபோதும் சம்மேளனத்தின் தலைவர் நாற்காலியில் 1994-லிருந்து 2008 வரை ஒருவரேதான்... கே.பி.எஸ்.கில். தோத்தது யார் சார்?

நிர்வாகம் மாறிய பிறகும் வியாதி மாறவில்லை. டெர்ரி வால்ஷ் 2014-ல், 16 வருஷம் கழித்து ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கித் தந்தார். அடுத்த மாசமே ஒப்பந்தத் தகராறில் கிளம்பிப் போனார். பால் வான் ஆஸ் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஓல்ட்மன்ஸை 2017-ல் நீக்கினார்கள். பெண்கள் அணிக்கு இருந்த மரைனை ஆண்களுக்கு, ஜூனியர் உலகக் கோப்பை ஜெயித்த ஹரேந்திர சிங்கைப் பெண்களுக்கு. 2018-ல் மறுபடி உல்ட்டா! கல்யாண வீட்டு மியூசிக்கல் சேரில்கூட இதைவிட ஒழுங்கு இருக்கும்.

ஒரு கோச் மாறினால் ஆள் மட்டுமா மாறுகிறார்? எப்போது முன்னால் ஏறி அழுத்தணும், எப்போது பின்வாங்கிக் கோட்டை கட்டணும், பெனால்டி கார்னரில் யார் எங்கே ஓடணும்... எல்லாம் மாறும். ரீட் ஆஸ்திரேலியாக்காரர், தாக்கி விளையாடு என்பார். ஃபுல்டன், முதலில் தடு, பிறகு ஜெயி என்பார். இரண்டுமே சரிதான். ஆனால், ஒன்றை மறந்து இன்னொன்று உடம்பில் ஏற ஒரு வருஷமாவது வேண்டாமா? அரியலூர் கார்த்தி செல்வம் மாதிரி, கோவில்பட்டி அகாடமியில் வளர்ந்து இந்திய டீம் வரைக்கும் போகிற பையன் வருஷத்துக்கு ஒரு பாஷை படிக்கணுமா?

‘அப்ப, ரீட் போய் ஃபுல்டன் வந்ததால்தானே ஹாங்சோ தங்கமும் பாரிஸ் வெண்கலமும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 உலகக் கோப்பையில் நியூஸிலாந்திடம் ஷூட்-அவுட்டில் தோற்றபின் ரீட் தானே விலகினார். ஆனால், அதே ரீட்தான் டோக்கியோவில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். 2002 பாணியில் அன்னிக்கே பெட்டி கட்டச் சொல்லியிருந்தால்? 11 நாள் கழித்து ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 வருஷத்துக்குப் பிறகு வந்த மெடல், வந்திருக்குமா? பெல்ஜியம் ஷேன் மெக்லியோடை ஆறு வருஷம் வைத்திருந்தது. ரியோ வெள்ளி, 2018 உலகக் கோப்பை, டோக்கியோ தங்கம். அந்தக் கூடாரத்தில் துணைக் கோச்சாக இருந்தவர்தான் ஃபுல்டன்!

கோச் தப்பே பண்ண மாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் பையன்கள் காது கொடுக்கவில்லை என்றால் போகத்தான் வேண்டும். அதை ஒலிம்பிக்ஸ் முடிந்து, கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று உதை. மூன்றே நாளில், ஸ்ரீஜேஷின் அதே பையன்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசி குவார்ட்டரில் நாலு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள்.

அடுத்த தடவை டீம் தோற்கிறபோது, கோச்சுக்கு என்ன தண்டனை என்று கேட்பதற்கு முன்னால் வேறு கேள்வி கேளுங்கள். அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம்? பாதியில் கலைத்தால், கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு என்ன தண்டனை?