கால் மாத்திரைக் கணக்கு

“இரத்தக்கட்டி தடுப்பில் குளோபிடோக்ரெல் மருந்து ஆஸ்பிரினை வென்றுவிட்டது, இதயத்தசை தடித்த எந்தப் பூனைக்கும் 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு போதும்” என்கிறார்கள். முதல் பாதி சரி. 2015 அமெரிக்க ஆய்வில், இரத்தக்கட்டி திரும்ப வர ஆஸ்பிரினில் இடைநிலையாக 192 நாள், குளோபிடோக்ரெலில் 443 நாள். அது கூட்டத்தின் கணக்கு. உங்கள் பூனையின் கணக்கா?

ஒன்று: இம்மருந்து விழுங்கிய வடிவிலேயே வேலை செய்யாது. கல்லீரல் நொதிகள் மாற்றித் தர வேண்டும். அந்த நொதிகளின் மரபணு எல்லாப் பூனைக்கும் ஒன்றா? இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் ஏற்பி மரபணுவும் அப்படியே மாறுபடும்.

இரண்டு: இதயத்தசை தடிக்கும் நோய் ஆண் பூனைகளுக்கே அதிகம். பிறகு ஆணையும் பெண்ணையும் ஒரே சராசரியில் கரைப்பது என்ன நியாயம்?

மருந்தை நிறுத்தாதீர்கள். அது உங்கள் பூனையிடம் வேலை செய்கிறதா என்று காட்டும் தட்டணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பின்னங்கால் இழுபட்டு, பாதம் வெளுத்துக் குளிர்ந்தால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.