பட்டத்துக்குப் பிறகும் ஒரு பரீட்சை இருக்கு

நம்ம தோட்டத்துப் புள்ளை ஒன்று கணிதப் பிரிவில் பாஸ் பண்ணி மொரட்டுவைக்கோ பேராதனைக்கோ போனால், கோயில் மைக்கில் சொல்லுவாங்க, சந்தியில் பேனர் கட்டுவாங்க. கட்டட்டும். பதுளை மாவட்டத்துக்கு 5 வீதப் பின்தங்கிய மாவட்டக் கோட்டா இருந்தும், தோட்டப் பாடசாலையிலிருந்து பொறியியல் பீடத்துக்குப் போறது லேசுப்பட்ட காரியமில்ல. ஆனா பட்டம் வாங்கி சில வருசம் கழித்து வரும் அடுத்த பரீட்சையைப் பற்றி நமுனுகுலைப் பக்கம் யாரும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அதுதான் பட்டய பொறியியலாளர் தகுதி. 1906இல் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த இலங்கை பொறியியலாளர் நிறுவனம் அதைக் கொடுக்கிறது. இது ஏ.எல். மாதிரி பாஸ்ட் பேப்பர் செய்து தப்பிக்கிற பரீட்சை இல்ல. வேலைத்தளத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த முடிவை நீங்களே எடுத்தீர்கள், ஏன் அப்படி எடுத்தீர்கள் என்று அறிக்கை எழுத வேண்டும். பிறகு மூத்த பொறியியலாளர்கள் முன்னால் உட்கார்ந்து அதுக்குப் பதில் சொல்ல வேண்டும், பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இங்கேதான் நம்மாட்கள் நின்றுபோறாங்க. கணக்குத் தெரியாமல் இல்ல. "நான் முடிவு செய்தேன்" என்று எழுதவே நமக்குக் கை வராது. தொரை சொன்னார், கணக்கப்பிள்ளை சொன்னார் என்று கேட்டு நடந்த வீட்டில் வளர்ந்தவங்க, சைட்டில் தானே போட்ட டிசைனைக்கூட "எங்கள் குழு செய்தது" என்று எழுதுறாங்க. பணிவு நல்லதுதான். ஆனா நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்க குழுவைப் பற்றிக் கவலையில்லை.

"கட்டார் போனா சம்பளம் வருது, இது எதுக்கு?" என்று கேட்கிறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி. 2014இல் இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், அங்கீகரிக்கப்பட்ட நம்ம பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு இருக்கு. ஆனா நாங்கள் இதைச் சம்பளக் கணக்காக மட்டும் பார்க்கவில்லை.

அதே 2014, ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, சனம் அங்கேயே இருந்தது. உமா ஓயா சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் திட்டத்தைத் திறந்தாச்சு. இப்படியான இடங்களில் மண்ணைப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, பொறுப்போடு கையெழுத்து வைக்கிற மேசையில் லயத்தில் வளர்ந்த எத்தனை பேர் இருந்தாங்க? மழைக்கு எந்த வான் அடைக்கும், எந்தச் சரிவில் ஊற்று கிளம்பும் என்று தெரிந்தவங்க அந்த மேசைக்கு வரணும். வெறும் ஆளாக வந்தால் பேச்சு எடுபடாது, தகுதியோடு வரணும்.

பட்டம் இல்லாதவங்க இதோட விலகிப் போக வேண்டாம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க இலங்கை பொறியியல் பேரவைச் சட்டப்படி பொறியியல் தொழில் செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டய பொறியியலாளருக்கு மட்டுமில்ல, டிப்ளோமாக்காரருக்கும் தொழினுட்ப உத்தியோகத்தருக்கும் அதில் இடமுண்டு. என்.டி.டி., எச்.என்.டி.ஈ. முடித்துவிட்டு வெறும் சுப்பர்வைசராகவே காலத்தை ஓட்டுற அண்ணன்மாரும் அக்காமாரும் இதைக் கொஞ்சம் கவனிங்க.

தயாராவதை முதல் வேலையின் முதல் கிழமையே தொடங்கலாம். ஒரு சி.ஆர். கொப்பி போதும். இன்றைக்குக் கொங்கிரீட் எத்தனை கியூப், டெஸ்ட் ரிசல்ட் என்ன, மதிலின் திட்டத்தை ஏன் மாற்றினோம் என்று திகதி போட்டு எழுதுங்க. நாலு வருசம் கழித்து ஞாபகத்திலிருந்து அறிக்கை எழுதுறது பெரிய இம்சை. உங்கள் வேலைத்தளத்தில் ஒரு பட்டய பொறியியலாளர் இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரிங்க. வேலையை மேற்பார்த்து உறுதிப்படுத்த அப்படி ஒருத்தர் இல்லாமல் பின்னால் அலையவேண்டி வரும்.

ஏற்கனவே பட்டயம் வாங்கிய மலையக அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் ஒன்று கேட்கிறோம். கொழும்பிலிருந்து பரிசளிப்பு விழாவுக்கு வந்து பொன்னாடை போர்த்திக்கொண்டு போறீங்க, சந்தோசம். அடுத்த போயா லீவுக்கு வரும்போது உங்களோட பழைய அறிக்கையையும் கொண்டு வாங்க. மண்டபம் வேண்டாம், வாசிகசாலை மேசை ஒன்று போதும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறோம்.