வண்டியோடுதான் கப்பல் ஏற வேண்டும்

ஒன்றியத் துறைமுகங்கள், கப்பல் மற்றும் நீர்வழிகள் துறை அமைச்சர் மாண்புமிகு சர்பானந்த சோனோவால் அவர்களுக்கு,



இம்மடல் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வருகிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கடலோர ஊர்கள் வரிசையாக இருந்தும், பயணிகள் கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் இந்த மாவட்டத்தில் இல்லை. கப்பல் ஏற வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே நாகப்பட்டினம் போக வேண்டும். உல்லாசக் கப்பல் என்றால் சென்னைக்குப் போக வேண்டும். நடக்க இயலாத ஒருவருக்குக்கூட அதுவரை போவது பெரிய காரியமில்லை; அவரிடம் வண்டி இருக்கிறது. அந்த வண்டி கப்பலின் வாசலோடு நின்றுவிடுமா, அவரோடு உள்ளேயும் வருமா என்பதுதான் இம்மடலின் பொருள்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் பெட்ரோல் ஸ்கூட்டரில், பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு சக்கரம் கூடுதலாகப் பூட்டியிருக்கும். இருக்கைக்குப் பக்கத்தில் ஊன்றுகோலைச் செருகி வைத்திருப்பார்கள். ஹேண்டில்பாரில் மதியச் சாப்பாட்டுப் பை ஆடும். கையும் தளர்ந்தவர்களுக்குப் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி. அண்மைக் காலமாக மூன்றாவது ஒன்றும் வந்திருக்கிறது: வெளிநாடுகளில் முதியவர்கள் கடைவீதிக்கு ஓட்டிப் போகும் சிறிய பேட்டரி ஸ்கூட்டர். நம்மூரிலேயே பிறந்த வகையும் உண்டு. சென்னை ஐஐடி 2021-இல் வெளியிட்ட நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் இணைப்பு. மணிக்கு 25 கி.மீ. வரை போகும். அறிமுக விலை 55,000 ரூபாய்.

சக்கரம் கையில் வந்தால் வாழ்க்கை எப்படி மாறும் என்பதைப் புதுக்கோட்டைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991-92இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து இந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இறங்கினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கல் குவாரித் தொழிலாளி, விவசாயக் கூலி, அங்கன்வாடி ஊழியர் எனப் பலரும் அன்று சொன்ன பலன் ஒன்றுதான்: பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திருக்க வேண்டாம். மாற்றுத்திறனாளி தன் வண்டியைப் பற்றிச் சொல்வதும் இதுவே. யாரும் தூக்க வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம்.

அதனால்தான் “வண்டி எதற்கு, நாங்களே ஒரு நாற்காலி தருகிறோம்” என்ற பதில் போதாது. சொந்த நாற்காலியின் இருக்கை உயரமும் முதுகுச் சாய்வும் ஒருவர் உடம்புக்கென்று பொருத்தியவை. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவர் வேறொரு தட்டை நாற்காலியில் சில மணி நேரம் உட்கார்ந்தால், படுக்கைப்புண் வந்து மாதக்கணக்கில் ஆறாது. அப்படியே உட்கார்ந்தாலும் அதைத் தள்ள இன்னொருவர் வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தோன்றும் நேரமெல்லாம் அந்த இன்னொருவரைத் தேட வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, புத்தகத்தைக் கையில் கொடுப்பது போன்றது இது.

அமைச்சர் அவர்களே, இரண்டு கப்பல் வழிகள் உங்கள் காலத்தில் திறந்தவை. 2023 ஜூன் 5 அன்று சென்னையிலிருந்து இலங்கைக்கு ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பலை நீங்களே கொடியசைத்து அனுப்பி வைத்தீர்கள். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கியது. முதலில் ஓடியது ‘செரியபாணி’ என்ற கப்பல். 150 பேர் போகலாம். சில நாட்களிலேயே மழைக்காலம் வந்து நின்றுபோன சேவை, 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் 110 கி.மீ. கடல், நான்கு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணக் கரை.

புதுக்கோட்டைக்கு இது சுற்றுலா மட்டுமல்ல. லேணாவிளக்கு, அழியாநிலை, தோப்புக்கொல்லை முகாம்களில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய அண்ணன், அக்கா, அத்தை, சித்தப்பா எல்லாம் அந்தக் கரையில். கடவுச்சீட்டும் அனுமதியும் அவர்களுக்கு எவ்வளவு பெரிய மலை என்பது தனியே ஒரு மடல் எழுத வேண்டிய விஷயம். அந்தக் கரையிலோ போரும் கண்ணிவெடியும் கால்களை எடுத்துக்கொண்ட மக்கள் இருக்கிறார்கள். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் இரு பக்கமும் போய்வர வேண்டியவர்களில் சக்கரத்தில் நடமாடுபவர்கள் கணிசம். 

இனி நடைமுறைக்கு வருவோம். அறந்தாங்கியிலிருந்து ஒருவர் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு தந்த பெட்ரோல் ஸ்கூட்டரில் பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக நாகை துறைமுகம் வந்து சேர்கிறார். அந்த ஸ்கூட்டர் கப்பலில் ஏறாது. ஏறவும் கூடாது, வாகனத் தளம் இல்லாத பயணிகள் கப்பலில் பெட்ரோல் டேங்கைக் கொண்டுபோய் மனிதர்களுக்கு நடுவே வைக்க முடியாது. ஆகவே வண்டியை நிறுத்திப் பூட்ட நிழலான, காவல் உள்ள இடம் துறைமுகத்தின் வாசலை ஒட்டி வேண்டும். அங்கிருந்து அவர் தன் பேட்டரி நாற்காலிக்கோ சிறு ஸ்கூட்டருக்கோ மாற வேண்டும். சுங்கச் சோதனை, குடிநுழைவு மேசை, காத்திருப்புக் கூடம், கழிப்பறை, கப்பல் எல்லாம் அதில்தான்.

பேட்டரி என்றதும் பாதுகாப்பு அதிகாரிக்குக் கை நடுங்குகிறது. லித்தியம் தீப்பிடிக்கும் என்பது உண்மை. அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கப்பலைவிடக் கடுமையான இடமான விமானத்தில் இதற்குக் கணக்கு போட்டு முடித்துவிட்டார்கள். நாற்காலியிலிருந்து கழற்றிக் கையில் கொண்டு செல்லும் லித்தியம் பேட்டரிக்குச் சர்வதேச வரம்பு 300 வாட்-மணி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 288; வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. அமிலம் கசியாத மூடிய பேட்டரிக்கு விதி இன்னும் எளிது. முனைகளை மூடு, வண்டி தானாக ஓடாதபடி நிறுத்து, நாற்காலியோடு இறுகப் பொருத்தியிரு என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்கு ஏற்றபடி ஒரு தாள் எழுதுவது கடினமல்ல.

உல்லாசக் கப்பலில் வேறு சிக்கல்கள். ஸ்கூட்டரை அறைக்குள்தான் நிறுத்த வேண்டும், அறைக்குள்தான் சார்ஜ் போட வேண்டும், நடைவழியில் விடக்கூடாது என்பது உலகம் முழுக்கக் கப்பல் நிறுவனங்கள் சொல்லும் விதி. அது நியாயம், தீ விபத்தின்போது எல்லோரும் ஓட வேண்டிய வழி அதுதான். ஆனால் பல கப்பல்களில் சாதாரண அறையின் கதவு அகலம் 60 செ.மீ. அளவுதான். 80 செ.மீ.யை ஒட்டிய கதவு, வாசற்படித் தடுப்பு இல்லாத குளியலறை, வண்டி திரும்ப இடம் ஆகியவை மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய சில அறைகளில் மட்டுமே கிடைக்கும். சென்னையில் ஓடிய எம்பிரஸ் 1990-இல் பயணத்தைத் தொடங்கிய கப்பல். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பயணிகள் கப்பலை எப்படி வடிவமைப்பது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு பரிந்துரை வெளியிட்டதே 1996-இல்தான். பழைய கப்பலின் எஃகுச் சுவரை இடித்துக் கட்டச் சொல்லி இம்மடல் கேட்கவில்லை. எத்தனை அறைகளில் வண்டி நுழையும், கதவு எத்தனை செ.மீ., மின்தூக்கி எத்தனை செ.மீ. என்பதைப் பயணச்சீட்டு விற்கும் பக்கத்திலேயே போடச் சொல்லிக் கேட்கிறது. பணம் கட்டி, பெட்டி கட்டி, சென்னை வரை வந்த பிறகு கதவில் இடிபடுவது ஒரு குடும்பத்துக்கு என்ன வலி என்று யோசித்துப் பாருங்கள்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடும் பலகையைப் பற்றிப் பேசும்போதுதான் மனம் பொறுக்க மாட்டேன் என்கிறது. காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றவற்றம் பத்து மீட்டரை நெருங்கும். அங்கே சாய்தளம் அமைப்பது பெரிய பொறியியல் வேலை. பாக் நீரிணையை ஒட்டிய நம் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டர்கூட வராது. இந்தியக் கட்டுமான வழிகாட்டி நெறி சொல்லும் 1:12 சரிவில், ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள, இருபுறமும் கைப்பிடி வைத்த சாய்தளம் போதும். மெரினா மணலில் 2022 நவம்பரில் கடல்வரை மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் மரப்பாதை போட்டவர்கள் இருக்கும் மாநிலம் இது. மறுமாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, சரிசெய்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 41ஆவது பிரிவில் பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் என்று மூன்றையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். துறைமுகம் அந்த வரிசையில் இல்லை. அடுத்த வரியில் “எல்லா வகைப் போக்குவரத்தும்” என்ற பொருளில் வருவதால் கப்பலும் அதில் அடங்கும்; என்றாலும் பெயர் இல்லாத இடத்தில் பொறுப்பு எளிதாக நழுவிவிடும். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வேறு வகையில் சொன்னது. அணுகல் வசதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, மீற முடியாத விதிகளாக வேண்டும் என்றது தீர்ப்பு.

விமானத்துறையில் அப்படி நடந்ததைப் பார்த்துவிட்டோம். 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்த விமான நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. இரண்டே மாதத்தில் விதி திருத்தப்பட்டது: ஊனத்தைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக்கூடாது, உடல்நிலை பற்றி ஐயம் இருந்தால் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கடலுக்கும் இவ்வளவு கூர்மையான, மீறினால் அபராதம் விழும் விதி வேண்டும். அதற்கு இன்னொரு சிறுவன் ஏதோ ஒரு துறைமுக வாசலில் அழுதுகொண்டு நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெளியே பார்த்தாலும் மாதிரி கிடைக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களையும் தங்கள் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கட்டுப்படுத்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் ஸ்பெக்டர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள கடல் பயணிகள் விதி இன்னும் தெளிவு. பயணி 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்தால் உதவி செய்ய வேண்டும். பாதுகாப்பையோ கப்பலின் அமைப்பையோ காரணம் காட்டி மறுத்தால், கேட்பவருக்கு அதை எழுத்தில் தர வேண்டும். நாற்காலி உடைந்தால் பழுதுச் செலவோ புதிய நாற்காலியின் விலையோ கொடுக்க வேண்டும். எழுத்தில் காரணம் கேட்கும் அந்த ஒரு வரி பல தேவையற்ற மறுப்புகளை வாயிலேயே நிறுத்திவிடும்.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அவசர காலத்தில் தனி உதவி வேண்டும் என்று சொன்ன பயணிகளின் விவரத்தைப் பதிவு செய்து, கப்பல் புறப்படும் முன்பே கேப்டனிடம் தர வேண்டும் என்பது கடல் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையிலேயே இருக்கிறது. மின்தூக்கி நின்றுபோனால் படியில் இறக்கும் நாற்காலி எங்கே இருக்கிறது, யார் யாரை இறக்குவது என்று அந்தப் பட்டியலை வைத்து ஊழியர்களைப் பழக்க வேண்டும். பட்டியல் இருப்பது ஏற்றிப் போவதற்காக. ஏற்ற மறுப்பதற்காக அல்ல.

க்ரூஸ் பாரத் இயக்கத்தை 2024 செப்டம்பர் 30 அன்று தொடங்கிவைத்து, 2029-க்குள் உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவோம் என்றீர்கள். உலகெங்கும் இந்தக் கப்பல்களில் ஏறுபவர்களில் முதியோர் பெரும் பங்கு. முழங்கால் தேய்ந்த அவர்களுக்கும் பேட்டரி ஸ்கூட்டர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இவர்களைக் கரையில் விட்டுவிட்டு இரட்டிப்புக் கணக்குக் காட்டுவது சரியாகாது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் விதிகள் எழுதும்போது, பேட்டரி வண்டி பயணியின் உடலோடு சேர்ந்தது, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, மறுத்தால் காரணம் எழுத்தில், உடைத்தால் இழப்பீடு என்பவற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் படிக்கும்படி சேர்த்துவிடுங்கள். எழுதும் குழுவில் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையாவது உட்கார வையுங்கள்.

நாகப்பட்டினக் கப்பல் வடகிழக்குப் பருவமழைக்காகச் சில மாதம் நின்றுவிடுகிறது. சாய்தளத்தை அளக்கவும், கழிப்பறைக் கதவை அகலப்படுத்தவும், காத்திருப்புக் கூடத்தில் சார்ஜ் போட நாலு பிளக் பாயிண்ட் வைக்கவும், ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும் அந்த இடைவெளியே போதுமான காலம். தமிழ்நாடு கடல்சார் வாரியத்தோடு பேசி, வரும் பருவமழை ஓய்வில் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு குடிமகன்