பகைவர் நடுவே ஓர் இருக்கை

இங்கிலாந்தின் கால்பந்து அரங்குகளில் ஒரு விதி உண்டு. வெளியூர் அணியின் ஆதரவாளர் உள்ளூர் அணிக்குரிய பகுதியில் அமரக் கூடாது. அமர்ந்திருப்பது தெரிந்தால் வெளியேற்றப்படுவார். அவர் குடித்திருக்க வேண்டும், வசைபாடியிருக்க வேண்டும் என்பதில்லை. தம் அணி கோல் அடித்த கணத்தில் தம்மையறியாமல் துள்ளி எழுந்தாலே போதும். காவலர் வந்து தோளைத் தொடுவார்.

தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகள் எட்டனுள் உவகையும் ஒன்று. உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் வெளிப்பட்டே தீரும் என்பதுதான் மெய்ப்பாடு என்னும் கருத்தின் அடிப்படை. எதிரணியின் பகுதியில் அமர்ந்திருப்பவரிடம் அரங்கம் கோருவது இதற்கு நேர்மாறானது: உவகை கொள்ளலாம், மெய்யில் காட்டக் கூடாது. போதாக்குறைக்கு, எதிரணி கோல் அடிக்கும்போது சுற்றியுள்ளோர் எழுந்து ஆர்ப்பரிக்க, தாம் மட்டும் அமர்ந்திருந்தால் அதுவும் காட்டிக்கொடுத்துவிடும். மனித இயல்புக்கு ஒவ்வாத இந்த நிபந்தனை தேவைதானா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

விதியைக் கேலி செய்வது எளிது. ஆனால் அது வெறும் அலுவலகச் சிந்தனையில் பிறந்ததன்று. 1985 மே 29 அன்று பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல், யுவென்டஸ் அணிகள் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் மோதவிருந்தன. லிவர்பூல் ஆதரவாளர்களை அடுத்திருந்த 'இசட்' பகுதி எந்தப் பக்கமும் சாராத பெல்ஜியப் பார்வையாளர்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் அதன் நுழைவுச்சீட்டுகள் பல, கைமாறிக் கைமாறி, இத்தாலியர் கைக்கே போய்ச் சேர்ந்தன. நடுவே இருந்தது வலுவற்ற ஒரு வேலி. ஆட்டம் தொடங்குமுன்பே லிவர்பூல் கூட்டத்தினர் சிலர் அதைத் தாண்டிப் பாய, அஞ்சி ஒதுங்கிய மக்கள் மதிலோரம் நெருக்குண்டார்கள், மதில் சரிந்தது. இறந்தோர் 39 பேர். குற்றம் பாய்ந்தவர்களுடையது; அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் யார் எங்கே அமர்கிறார்கள் என்பது சில வேளைகளில் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது என்பதை அந்த மாலை உலகுக்குக் காட்டியது.

கதை அங்கே முடிந்திருந்தால் தடுப்புகளைப் போற்றுவதோடு நாமும் நிறுத்திக்கொள்ளலாம். நான்கே ஆண்டுகளில், 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் ஆதரவாளர்கள் 97 பேர் நெரிசலில் சிக்கி உயிரிழந்தார்கள். காவல்துறையின் தவறுகளால் நடுப்பகுதிக் கூண்டுகளில் அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்ந்தது. ஆட்டத் திடலுக்குள் எவரும் பாயாதிருக்க நிறுவிய கம்பிவேலி அவர்களைத் தப்பவிடவில்லை. இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள்மீது பழியில்லை என்றும் 2016ஆம் ஆண்டு விசாரணை தீர்ப்பளித்தது. ஹெய்சலில் வேலி போதவில்லை. ஹில்ஸ்பரோவில் வேலியே எமனாயிற்று. ரசிகனை அடைத்துவைக்க வேண்டிய விலங்காகக் கருதும் மனப்பாங்கு பாதுகாப்பைத் தருவதில்லை என்பதே இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது நமக்குப் புலப்படுவது.

இனி, அந்த இருக்கையில் சென்று அமர்பவர் யார்? பிரீமியர் லீக் ஆட்டமொன்றில் வருகை தரும் அணிக்குக் கிடைக்கும் இடங்கள் அதிகம் போனால் சுமார் 3,000. சிறிய அரங்கென்றால் மொத்த இருக்கைகளில் பத்தில் ஒரு பங்கு. ஓல்ட் டிராஃபோர்டு போன்ற 70,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கிலும் இதே கணக்குதான். அந்தச் சில ஆயிரம் சீட்டுகளும் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் பின்தொடரும் பழைய விசுவாசிகளுக்கே பெரும்பாலும் போய்ச் சேரும். எனவே ஆயுளில் ஒருமுறையேனும் தம் அணியைக் காண வேண்டுமெனக் கடல் கடந்து வருபவர், எதிரணியை ஆதரிக்கும் நண்பரோடு செல்பவர், மனைவி ஒரு கட்சியும் கணவர் மறு கட்சியுமாக வாழும் குடும்பத்தினர் ஆகியோரே உள்ளூர்ப் பகுதியில் ஒளிந்து அமர்கிறார்கள். வம்பு வளர்க்கவென்றே வருபவரும் உண்டு. அவர்களுக்காக நாம் வாதிடவில்லை.

1994ஆம் ஆண்டுச் சட்டம் கால்பந்து நுழைவுச்சீட்டை அனுமதியின்றி விற்பதையே குற்றமாக்கியது. இசை நிகழ்ச்சிக்கோ நாடகத்துக்கோ அச்சட்டம் அத்தகைய தடை எதையும் விதிக்கவில்லை. காரணம், இரு தரப்பாரும் கலந்துவிடக் கூடாது என்ற அச்சமே. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு: சட்டத்தின் கை நீள்வது விற்பவரை நோக்கி, அரங்கக் காவலரின் கை நீள்வதோ அமர்ந்திருப்பவரை நோக்கி.

2022 ஏப்ரல் 14 அன்று பார்சிலோனாவின் கேம்ப் நௌ அரங்கில் நடந்தது இதற்கு நல்ல உரைகல். ஐரோப்பா லீக் காலிறுதிக்கு வந்த ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் அணிக்கு ஒதுக்கப்பட்டவை 5,000 இடங்கள். அரங்கினுள் இருந்த அதன் ஆதரவாளர்களோ ஏறத்தாழ 30,000 பேர். பார்சிலோனா சொந்த மண்ணில் விருந்தாளி போல ஆடி 3-2 எனத் தோற்றது. உள்ளூர் ரசிகர் குழுக்கள் எதிர்ப்பாக இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் இருக்கைகளைக் காலியாக விட்டன. கழகத் தலைவர் வெட்கப்படுவதாகச் சொன்னார். வெட்கம் நியாயமானதே, ஆனால் அந்தச் சீட்டுகள் வானத்திலிருந்து உதிரவில்லை. விற்பனை முறையின் ஓட்டைகள் வழியாகவும், தம் இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தோர் வழியாகவும் போனவை அவை. வீட்டைத் திறந்துபோட்டு வாடகையும் வாங்கியவர், குடிவந்தவரைக் கள்வர் என்பது எப்படிப் பொருந்தும்?

மறு எல்லைக்குச் சென்றவர்களும் உண்டு. அர்ஜென்டினாவில் 2013ஆம் ஆண்டில் ரசிகர் ஒருவரின் மரணத்துக்குப் பின் லீக் ஆட்டங்களுக்கு வெளியூர் ஆதரவாளர்கள் வருவதே தடைசெய்யப்பட்டது. 2025இல்தான் அத்தடை சில ஆட்டங்களுக்குத் தளர்ந்தது. நெதர்லாந்தில் அயாக்ஸ், ஃபெயநூர்ட் மோதலுக்கு 2009 முதல் எதிரணி ரசிகர்களுக்கு இடமில்லை. இவை அமைதியைத் தரலாம். ஆனால் எதிராளியே இல்லாத அரங்கில் எழும் ஆரவாரம் யாருடன் உரையாடுகிறது? அதைவிட முக்கியம், எதிரணி ஆதரவாளரை மனித முகத்தோடு பார்த்தறியாத ஒரு தலைமுறை வளர்கிறது என்பது.

கலந்து அமர்தல் இயலாத கனவன்று. 1984 மார்ச்சில் வெம்பிளியில் நடந்த லீக் கோப்பை இறுதியாட்டத்தில் எவர்ட்டன், லிவர்பூல் ஆதரவாளர்கள் ஒருவரையொருவர் அடுத்து அமர்ந்து, தம் பொதுவான வட்டாரத்தின் பெயரை ஒரே குரலில் முழங்கினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பும் தம்பி நீலமுமாக வளர்ந்த நகரம் அது. அடுத்த ஆண்டு ஹெய்சலில் வேலி தாண்டியவர்களும் லிவர்பூல் ஆதரவாளர்களே என்பதை மறந்துவிடலாகாது. ஓர் அணியின் பெயர் எவரையும் நல்லவராகவோ தீயவராகவோ ஆக்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர் தெரிந்த முகமா, முகமற்ற பகையா என்பதே வேறுபாடு. இலண்டனின் ஃபுல்ஹாம் கழகம் தன் கிராவன் காட்டேஜ் அரங்கின் ஒரு பகுதியை எத்தரப்பாரும் அமரலாம் என நெடுங்காலம் பேணிவந்ததும் நினைவுக்குரியது.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் 16 பேர் மாண்டார்கள். அதே இரு அணிகளின் ஆதரவாளர்கள் 2024 ஆகஸ்டில், பணியிடத்தில் கொல்லப்பட்ட ஒரு பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு, சால்ட் லேக் அரங்கின் வெளியே ஒன்றாக நின்றார்கள். அன்று நடக்கவிருந்த ஆட்டம் ரத்தாகியிருந்தது. இரு கொடிகளும் ஒரே கூட்டத்தில் பறந்தன.

ஆகவே நம் கருத்து இது. தீவிர ஆதரவாளர்கள் பாடியும் முழங்கியும் நிற்கும் முனை அவர்களுக்கே உரியதாக இருக்கட்டும். அங்கே சென்று அமர்ந்து அவர்களைச் சீண்டுவது விருந்தோம்பலை இழிவுபடுத்துவதாகும். ஆனால் அரங்கின் பக்கவாட்டில் ஒரு பகுதியேனும் இரு தரப்பாருக்கும் பொதுவாகத் திறக்கப்பட வேண்டும். அங்கே யார் எதற்குக் கைதட்டினாலும் அது குற்றமாகாது. வசைபாடுவோரை, கைநீட்டுவோரை எந்தப் பகுதியில் இருந்தாலும் வெளியேற்றட்டும். மகிழ்ந்ததற்காக மட்டும் ஒருவரை வெளியேற்றும் வழக்கம் ஒழிய வேண்டும்.